போகுமிடம்: மலாக்காத் தோட்டத் தமிழர் வாழ்வில் உடன்போக்கு

தமிழாசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியை விளக்கிக்கொண்டிருந்தோம். மலாக்கா மாநிலம் ஜாசின் வட்டாரத்திலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர் எழுந்து, "இவர்கள் எங்கே போகிறார்கள், ஐயா?" என்று கேட்டார். தலைவனது ஊருக்கு என்றோம். "தோட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஊர்தானே, ஐயா? என் பாட்டி வீட்டுக்கும் தாத்தா வீட்டுக்கும் நடுவில் ஆறு வீடுதான் இருந்ததாம். அவர்கள் எங்கே போயிருப்பார்கள்?" என்று மீண்டும் கேட்டார். வகுப்பு சிரித்தது. நமக்கு உடனே விடை தோன்றவில்லை.

அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். மலேசியத் தமிழ்ப் புனைகதைகளில் காதலர் வீட்டை விட்டு வெளியேறும் நிகழ்ச்சி வந்தவுடன் அதனைச் 'சங்க உடன்போக்கின் நீட்சி' என்று எழுதிவிடுவது நம் திறனாய்வாளரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. நாமும் அவ்வாறு எழுதியிருக்கிறோம். ஒப்புமை தவறன்று, ஆயினும் அது மிக விரைவாகக் கிடைத்துவிடுகிறது. காதல் தூயதா என்று கேட்கும் நாம், காதலர்க்குப் போக்கிடம் இருந்ததா என்று கேட்பதில்லை. போகுமிடத்தை வைத்துப் பார்த்தால் தோட்டத்து உடன்போக்கின் வரலாறு வேறொரு வரலாறாகத் தெரிகிறது.

பாலையும் பால்மரக் காடும்

சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு நன்கு வரையறுக்கப்பட்ட ஒரு துறை. தொல்காப்பியர் அதனைக் கொண்டுதலைக்கழிதல் என்பர். தலைவி புறப்பட்டபின் நற்றாய் எவ்வாறு புலம்புவாள், தோழி என்ன கூறுவாள், வழியிற் கண்டோர் என்ன உரைப்பர் என்பனவற்றை அகத்திணையியல் வகுத்துரைக்கிறது. ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூற்றுப் பாலையின் இறுதி மூன்று பத்துகளையும் வரிசையாகப் படிப்போர்க்கு ஒரு முழுப் பயணம் புலனாகும். மகளைப் போக்கிய தாய் இரங்குவது முதற்பத்து. இடைச்சுரத்தில் நிகழும் உரையாடல்கள் அடுத்த பத்து. இறுதிப் பத்திற்கு மறுதரவு என்று பெயர். அதாவது, மீண்டு வருதல். போனவள் திரும்புவாள் என்பது அம்மரபில் முன்பே எழுதப்பட்டுவிட்டது. மறுதரவுப் பத்தில் தலைவியின் தாய், சிலம்புகழி நோன்பு தலைவன் இல்லத்தில் நடந்துவிட்டாலும் மணவிழாவையேனும் நம் மனையில் நடத்தலாகாதா என்று அவன் தாய்க்குச் சொல்லி அனுப்பும் பொருளில் ஒரு பாட்டு உண்டு. சினம் அடங்கிய தாய் இரண்டு சடங்குகளில் ஒன்றையாவது தனக்கென்று கேட்கும் அப்பாட்டில் உள்ள உலகியல் அறிவு வியப்பிற்குரியது.

கற்பியல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்வது கரணம் என்று கூறிய தொல்காப்பியர், உடன்போகிய காலத்துக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்று அடுத்தே கூறுகிறார். இவ்விதியை நாம் தேர்வுக்குரிய நூற்பாவாக மட்டும் கற்பிக்கிறோம். பெற்றோர் இசைவு இன்றி நடந்த மணமும் மணமே என்று ஓர் இலக்கண நூல் ஏற்றுக்கொண்டதன் துணிவு வகுப்பறையில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

தோட்டத்திற்கு வருவோம். 1896இல் டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக முறை இரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர்ப் புக்கிட் அசாகானிலும் பிற இடங்களிலும் காடுகள் அழிந்து பால்மரங்கள் நின்றன. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றபின் கங்காணி முறையே ஆள் சேர்க்கும் முதன்மை வழியாயிற்று. கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும் ஆள் கொண்டுவந்தான். ஆகவே ஒரு தோட்டத்து லயம் என்பது பல இடங்களில் ஓர் ஊரின் ஒரு தெருவைப் பெயர்த்து வந்து வைத்தது போன்றது. முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் அங்கேயே இருந்தனர். சாதிக்கேற்ப லயங்கள் பிரிந்திருந்த தோட்டங்களும் உண்டு. ஓர் அறைக்கும் மறு அறைக்கும் நடுவே நின்றது பலகைச் சுவர். அதன் மேற்பகுதி திறந்தே கிடக்கும். களவொழுக்கத்திற்கு அதனினும் இடர்ப்பாடான இடத்தைக் கற்பனை செய்தல் அரிது.

குறிஞ்சித் தலைவி தன் ஊரிலிருந்து அவன் ஊருக்குப் போனாள். நடுவே சுரம் இருந்தது. தோட்டத்தில் நடுவே சுரம் இல்லை, ஆறு வீடுகள் இருந்தன. அவன் வீட்டிற்குப் போவது போவதே ஆகாது. மறுநாள் விடியற்காலை பெரட்டுக்களத்தில் அவள் தந்தையும் அவன் தந்தையும் ஒரே வரிசையில் நின்று பெயர் கொடுத்தாக வேண்டும். ஆகவே தோட்டத்து உடன்போக்கில் காதலர் இருவருமே ஊரை இழக்கின்றனர். 'அவன் ஊர்' என்பது கிடையாது. சங்க மரபோடு ஒப்பிடும்போது நாம் காணத் தவறும் முதல் வேறுபாடு இதுவே.

செக்ரோலில் ஒரு பெயர்

ஐரோப்பிய வரலாற்றில் ஓடிச்சென்று மணப்போர்க்கென்றே பெயர் பெற்ற ஊர் ஸ்காத்லாந்தின் எல்லையிலுள்ள கிரெட்னா கிரீன். இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டு மணச்சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோர் இசைவைக் கட்டாயமாக்கியது. எல்லைக்கு அப்பால், இருவர் சாட்சியாக மணமக்கள் வாய்மொழி கூறினாலே மணம் செல்லும். இரண்டு சட்டங்களுக்கு இடையிலிருந்த இடைவெளியே அவ்வூரை உருவாக்கியது. 1856இல் இருவருள் ஒருவரேனும் இருபத்தொரு நாள் ஸ்காத்லாந்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதி வந்ததும் வண்டிகள் குறைந்தன.

மலாக்காவிலும் ஓர் எல்லை இருந்தது. மலாக்கா 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. அதன் வட எல்லையை ஒட்டிய தம்பின், நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. பூலாவ் செபாங்கிலிருந்து தம்பின் கடைத்தெருவுக்கு நடந்து செல்பவர் ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குள் நுழைந்தார். தம்பினையும் மலாக்கா நகரையும் இணைத்த கிளை இருப்புப்பாதை 1905இல் திறக்கப்பட்டது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அது பெயர்த்தெடுக்கப்பட்டது. எல்லையும் இருப்புப்பாதையும் இருந்தும் தம்பின் ஒரு கிரெட்னா கிரீன் ஆகவில்லை. காரணம் எளிது. இந்துக்களின் மணம் வழக்காற்றின்படியே செல்லுபடியாயிற்று; பதிவு கட்டாயமன்று. ஒரு மஞ்சள் கயிறும் ஒரு மாரியம்மன் கோயிலும் எத்தோட்டத்திலும் கிடைத்தன. தாண்டிச் சென்று பெறுவதற்கு எல்லைக்கு அப்பால் சட்டம் எதனையும் வைத்திருக்கவில்லை.

காதலர்க்கு வேண்டியிருந்தவை கூலியும் கூரையுமே. தோட்டத்தில் இவ்விரண்டும் ஒரே ஏட்டில் இருந்தன. பெயர்ப் பதிவேடாகிய செக்ரோலில் பெயர் ஏறினால் வேலை. வேலை இருந்தால் லயத்தில் ஓர் அறை. வேலை போனால் அறையும் போகும். எனவே ஓடிச் சென்ற இணையர் தேடியது தங்களை அறியாத ஒரு கிராணியையும் ஆள் பற்றாக்குறையுள்ள ஒரு தோட்டத்தையும் ஆகும். பால்மர விலை ஏறிய காலத்தில் புதிய கைகளை யார் என்று கேட்காமலே சேர்த்துக்கொண்ட தோட்டங்கள் இருக்கும். விலை வீழ்ந்து ஆட்குறைப்பு நடந்த 1930களின் தொடக்கத்தில் கதவு மூடியிருக்கும். காதலின் வரலாற்றைப் பால்மர விலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கூறுவது சிலருக்குக் கொச்சையாகத் தோன்றலாம். ஆனால் பாலைத்திணையின் பொருள்வயிற் பிரிவைப் படிக்கும் நமக்கு அது புதிதாக இருத்தல் கூடாது.

இங்கே இன்னொன்றும் கருதத்தக்கது. தோட்டத்துப் பெண் கூலி பெற்றவள். பால்மரம் சீவியவள், வெளிக்காட்டில் புல் எடுத்தவள். ஆணினும் குறைந்த கூலியே எனினும் அது அவள் பெயரில் எழுதப்பட்ட கூலி. அடுத்த தோட்டத்தின் செக்ரோலில் ஏறியவை இரண்டு பெயர்கள். அவளை ஒருவன் 'கூட்டிச் சென்றான்' என்று கூறுவது எவ்வளவு குறைபாடுடைய கூற்று என்பதை இவ்வேடே காட்டும்.

எழுவாயும் செயப்படுபொருளும்

தோட்டத்து வழக்கில் இந்நிகழ்ச்சியைக் குறிக்கும் தொடர்கள் இரண்டு. 'அவன் இன்னாரின் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான்' என்பது ஒன்று. 'இன்னாரின் பெண் ஓடிப்போய்விட்டாள்' என்பது மற்றொன்று. குற்றம் சுமத்தும்போது ஆண் எழுவாய், பெண் செயப்படுபொருள். மானம் போயிற்று என்று புலம்பும்போது பெண் எழுவாய் ஆகிவிடுகிறாள். ஆண் தொடரிலேயே இல்லை. இருவரும் சேர்ந்து எழுவாயாக நிற்கும் தொடர் அரிதாகவே செவியில் விழுகிறது. 'உடன்' என்ற ஒரு சொல்லால் சங்கத் தமிழ் எளிதாகச் செய்ததை நம் பேச்சுத் தமிழ் செய்யத் தயங்குகிறது.

முதல் தொடருக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. பிறன் மனைவியைக் கெடுநோக்கோடு கவர்ந்து செல்லுதல், அழைத்துச் செல்லுதல், தடுத்து வைத்தல் ஆகியவற்றைக் குற்றமாக்கும் 498ஆம் பிரிவு இந்தியச் சட்டத்திலிருந்து இப்பகுதிக்கு வந்ததே. அதன்படி வழக்குத் தொடுக்கத் தகுதியுடையவன் கணவன்; குற்றவாளி இன்னோர் ஆண். பெண்ணின் விருப்பத்திற்கு அப்பிரிவில் இடமே இல்லை.

அருணிமா தத்தா 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழி வெளியிட்ட 'ஃப்லீட்டிங் ஏஜென்சீஸ்' என்னும் நூல் இவ்வகையில் நமக்குப் பெரிதும் உதவுகிறது. பிரித்தானிய மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றிய அந்நூல், மனைவியைக் கவர்ந்த வழக்குகளின் பதிவுகளை மீள்வாசிப்புச் செய்கிறது. கவரப்பட்டவள் என்று பதிவில் நிற்கும் பெண் பல வேளைகளில் தானாகவே புறப்பட்டவள். அதிகாரிகளும் நீதிமன்றமும் அவளைப் பேதை என்று எழுதியது ஒருபுறமிருக்க, அவ்வெழுத்தையே பயன்படுத்தி அவள் தனக்கு வழி தேடிக்கொண்ட தருணங்களும் உண்டு என்று தத்தா காட்டுகிறார். ஆள்சேர்ப்பு முகாம்களிலேயே இணைந்து கப்பலேறிய 'டிப்போ' இணையர்களைப் பற்றியும் அவர் எழுதுகிறார். பெண்கள் மிகக் குறைவாக இருந்த ஒரு சமுதாயத்தில் மணம் என்பது எவ்வளவு நெகிழ்வாக இருந்தது என்பதற்கு அது சான்று. தோட்டத்து முன்னோரின் மணவாழ்வு அனைத்தும் வழுவாத கற்பியலாகவே இருந்தது என்று விழா மேடைகளில் முழங்குவோர் இந்நூலைப் படிக்கலாம். கணவன்மார் சயாம் இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டபின் தோட்டத்தில் எஞ்சிய பெண்களின் வாழ்வு தனியே ஆராயத்தக்கது; இங்கே அதனைத் தொட்டுச் செல்வதே இயலும்.

நம் மனக்குறை இலக்கியத்தைப் பற்றியது. மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று கருதப்படும் வெங்கடரத்தினத்தின் படைப்பு 1917இல் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' என்று பெயர் சூடி வெளிவந்தது. தலைப்பிலேயே காதலுக்கு மாட்சி கூறித் தொடங்கிய மரபு நம்முடையது. எனினும் தோட்டத்தைக் களமாகக் கொண்ட நம் சிறுகதைகள் பலவற்றில் ஓடிப்போன பெண், கதையின் இறுதியில் எச்சரிக்கையாகவே திரும்பி வருகிறாள். கைக்குழந்தையோடு, கைவிடப்பட்டவளாக, பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவர் கண்ணில் படுகிறாள். ஓடிச் சென்று இன்னொரு தோட்டத்தில் முப்பது ஆண்டு மரம் சீவி, பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண் அக்கதைகளில் அரிதாகவே வருகிறாள். அத்தகையோர் நம் பாட்டிமார் தலைமுறையில் இல்லாமல் இல்லை. நம் கதைஞர்கள் ஓதலாந்தையாரின் கண்ணால் பார்த்தார்கள் என்று திறனாய்வு கூறுகிறது. அவர்கள் பார்த்தது 498ஆம் பிரிவின் கண்ணால் என்றே நாம் கருதுகிறோம்.

மெர்லிமாவில் ஒரு கல்லறை

ஜாசின் மாவட்டத்து மெர்லிமாவ் வட்டாரம் தோட்டத் தமிழர் நெடுநாள் வாழ்ந்த பகுதி. அங்கே துன் தேஜாவுடையது என்று நம்பப்படும் கல்லறை ஒன்று உண்டு. துன் தேஜா பகாங் பெண்டகாராவின் மகள். வேறொருவருக்கு உறுதி செய்யப்பட்டிருந்தவள். மலாக்கா சுல்தானுக்காக அவளைக் கவர்ந்து கப்பலேற்றியவன் ஹாங் துவா என்று 'ஹிக்காயாட் ஹாங் துவா' கூறும். ஹாங் நாடிம் என்று 'செஜாரா மெலாயு' கூறும். 'ஹிக்காயாட்' வழியில், அவள் தன்னை அழைக்க வந்தவனையே விரும்பி வந்தாள். கப்பலில் தான் இன்னொருவர்க்கு உரியவள் என்று அறிந்தாள்.

உடன்போக்கு என்று நம்பிப் புறப்பட்டவள் கடத்தப்பட்டவளாகக் கரை சேர்ந்தாள். அக்கதையில் மலாக்கா, போகுமிடம். மலாய் இலக்கிய ஆய்வாளர் இக்கதையை அரசப் பற்றின் கதையாகப் படிப்பதுண்டு. அவள் என்ன நினைத்தாள் என்று கேட்கும் வாசிப்புகளும் இன்று பெருகியுள்ளன. மெர்லிமாவ்த் தமிழ்ப் பள்ளி மாணவர்க்குக் கொண்டுதலைக்கழிதலைக் கற்பிக்கும் ஆசிரியர், அருகிலேயே இருக்கும் இக்கல்லறையை ஒப்புமைக்கு எடுத்துக்கொள்ளலாம். யார் விருப்பத்தால் பயணம் நடந்தது என்ற வினாவை மாணவர் தாமே எழுப்புவர்.

இருபத்தொரு நாள்

1950களின் இறுதியிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1970களில் பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தடையற்ற வாணிக வட்டாரங்கள் தோன்றியபின் தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். போகுமிடம் மாறிற்று. இன்னொரு தோட்டத்தின் லயத்திற்குப் பதிலாக நகரத்தில் வாடகை அறை. கிராணியின் ஏட்டிற்குப் பதிலாகத் தொழிற்சாலை அட்டை. சாதியும் முறையும் அறியாத பக்கத்து வீட்டார் கிடைத்ததே நகரம் அவர்களுக்குச் செய்த பெரிய உதவி எனலாம்.

பிறகுதான் சட்டம் வந்தது. 1976ஆம் ஆண்டு மணம், மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச்சு முதல் நாள் நடப்புக்கு வந்தது. முசுலிம் அல்லாதார்க்கு மணப்பதிவு கட்டாயமாயிற்று. பலதார மணம் நீங்கிற்று. மணவயது பதினெட்டு. பதினாறு நிரம்பிய பெண்ணுக்கு மாநிலத் தலைமை நிருவாகியின், அதாவது மலாக்காவில் முதலமைச்சரின், உரிமம் வேண்டும். இருபத்தொரு வயது வரை தந்தையின் இசைவு தேவை. மண அறிவிப்பு இருபத்தொரு நாள் பதிவகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். கிரெட்னா கிரீனை வெறுமையாக்கிய அதே எண்! ஒளிந்து வாழும் இணையர்க்கு அந்த அறிவிப்புப் பலகை எவ்வளவு நீளமான சுரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலாய் முசுலிம் இணையர் சிலர் எல்லை கடந்து தென் தாய்லாந்தின் சொங்க்லாவிற்கோ கோலோக்கிற்கோ சென்று நிக்காஹ் செய்துகொண்டு திரும்புவதை நாளேடுகள் அவ்வப்போது எழுதுகின்றன. தமிழ் இந்துக்களுக்கு அவ்வாறு ஓர் அயலூர் அமையவில்லை. தமிழ்நாட்டிலோ சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்ட ஏற்புப் பெற்றது. வழக்கறிஞர் முன்னிலையிலும் அது நடைபெறலாம், பலர் அறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஓடிவந்த இணையரின் பாதுகாப்பே அத்தீர்ப்பின் உயிர்நிலை. பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்தார், சீர்திருத்தக் கருத்துகள் இங்கும் வேரூன்றின. அத்தகைய சட்டப்பிரிவு மட்டும் இங்கே முளைக்கவில்லை.

நம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விதிவிலக்கு உண்டு. நெருங்கிய உறவினர் மணத்தைத் தடை செய்யும் பிரிவு, இந்துக்களுள் தாய்மாமன் தன் அக்காள் மகளை மணப்பதை மட்டும் வழக்காறு கருதி அனுமதிக்கிறது. வழக்காற்றிற்கு மதிப்பளித்த நல்லெண்ணமாக இதனைப் பாராட்டுவோர் உளர். ஆனால் உரிமை மணத்திற்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணை நினைத்துப் பார்த்தால், அவள் எதனிடமிருந்து ஓடினாளோ அதற்கு விலக்களித்த சட்டம், அவள் ஓடிச்சென்ற மணத்திற்கு அறிவிப்புப் பலகை வைத்தது என்றே கூற வேண்டியுள்ளது.

இப்போது நம் குடும்பங்களில் கரணம் இரண்டாகிவிட்டது. முதலில் பதிவு, சில மாதங்கள் கழித்துக் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி. இடைப்பட்ட காலத்தில் சட்டப்படி மனைவியாகிய பெண் பெற்றோர் வீட்டிலேயே இருப்பாள். பதிவு மட்டும் செய்துகொண்ட இணையரை 'இன்னும் கல்யாணம் ஆகவில்லை' என்று உறவினர் கூறுவதும் அதனாலேயே. கோயிற் குருக்களையே துணைப் பதிவதிகாரியாக நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. இரண்டையும் ஒரே நாளில் முடிப்போரும் உண்டு. ஆயினும் மனத்தளவில் இவ்விரண்டும் ஒன்றாகவில்லை. சிலம்புகழி நோன்பு அங்கே நடந்தாலும் மணம் இங்கே நடக்கட்டும் என்று கேட்ட தாயின் குரல், பதிவு எங்கே நடந்திருந்தாலும் தாலியாவது நம் கோயிலில் ஏறட்டும் என்று கேட்கும் தாயின் குரலில் இன்றும் ஒலிக்கிறது. மறுதரவிற்கு வழி விட்டது சட்டமன்று, இந்த இரட்டைக் கரணமே என்பது நம் கருத்து.

498ஆம் பிரிவு 2023 டிசம்பரில் முடிவுற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பாகுபாடு செய்வதால் அது அரசமைப்பிற்கு முரணானது என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் அதற்கு முன்பே, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில், அதனை நீக்கிவிட்டது. அப்பிரிவு எங்கிருந்து வந்ததோ அந்த இந்தியாவில் 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய நியாய சன்ஹிதாவின் 84ஆம் பிரிவாக அது இன்னும் உயிர் வாழ்கிறது.

மாணவியின் வினாவுக்கு அவரே விடை தேடிவந்தார். விடுமுறைக்கு வீடு சென்றபோது தாயிடம் கேட்டிருக்கிறார். முதலில் மறுத்த தாய் பிறகு கூறியிருக்கிறார். பாட்டியும் தாத்தாவும் 1950களில் ஓரிரவு நடந்தே வேறொரு தோட்டத்திற்குப் போனார்கள்; அங்கே மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினார்கள்; பாட்டியின் பெற்றோர் வரவில்லை. "பத்திரம் ஏதும் இல்லை, ஐயா. அதனால்தான் வீட்டில் அதைக் கல்யாணம் என்று யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது" என்றார். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவை எடுத்து அவரிடம் படிக்கக் கொடுத்தோம். சட்டம் நடப்புக்கு வருவதற்கு முன் வழக்காற்றின்படி முறையாக நடந்த மணங்கள் அனைத்தும் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டனவாகவே கருதப்படும் என்கிறது அப்பிரிவு. அருகிலேயே கற்பியல் நூற்பாவும் திறந்திருந்தது. இரண்டையும் அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தாயிடம் காட்டுவதற்கென்று எடுத்துச் சென்றார்.